பேனரில் எண்பத்தெட்டு கிலோ

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேசினால் முடிவில் யாராவது கைதட்டுவார்கள். கைதட்டியே ஒரு மனிதரைச் சுடுகாட்டுக்குப் பாதி வழி அனுப்பிவைத்த மருத்துவமனையில் வேலை பார்த்தவள் நான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் ஒத்துக்கொள்வதில்லை.

கலோரி அட்டவணை, புரதக் கணக்கு, எந்த மாதத்தில் என்ன கஞ்சி என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. என்னைவிட உங்களுக்கே அது நன்றாகத் தெரியும். கையேட்டில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். உணவு ஆலோசகர் என்பவர் ஒரு கரண்டி சோற்றைக்கூடத் தொடாமல், வெறும் வாய்ப்பேச்சாலேயே ஒரு நோயாளியைக் கெடுக்க முடியும். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் நடந்தது. சுங்குவார்சத்திரத்துக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் மருத்துவமனை, சென்னையில் இருந்த பெரிய மருத்துவமனையின் கிளை. மெஷினில் விரல் நசுங்கியவர்களும் லாரிக்குக் குறுக்கே பைக் விட்டவர்களும்தான் எங்கள் வழக்கமான வாடிக்கையாளர்கள். அப்போதுதான் எங்கள் பெரிய டாக்டர் உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சையில் இறங்கியிருந்தார். இரைப்பையின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, ஒரு முட்டை அளவுக்கு மட்டும் விட்டு, அதை நேராகக் குடலோடு இணைத்துவிடுவார். ஆபரேஷன் சென்னையில். அதற்குப் பிறகு மாதாமாதம் எடை பார்ப்பது, சாப்பாடு சொல்லிக் கொடுப்பது, குறைந்த எடை திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் எங்கள் கிளையில், என் பொறுப்பில்.

எனக்கு அப்போது நாற்பது வயது. இந்தத் துறையில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று உறுதியாக நம்பியிருந்தேன். நாற்பது வயதில் வரும் நோய்களில் அதுவும் ஒன்று. அதற்கு இன்னும் பரிசோதனை கண்டுபிடிக்கவில்லை.

குணசேகர் எங்களிடம் வந்தபோது நூற்று நாற்பத்தொரு கிலோ. வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கேன்டீன் சூப்பர்வைசர். மூன்று ஷிஃப்டுக்கும் சமையல் நடக்கும் இடம். இத்தனை உடம்பு எடுத்த பிறகு அவருக்கு ராத்திரித் தூக்கம் என்பதே கிடையாது. குறட்டையில் மூச்சு நின்று நின்று விழித்துக்கொள்வார். அதனால் பகலெல்லாம் தூங்கி விழுவார். ஒருநாள் கொதிக்கிற சாம்பார் அண்டாவுக்கு முன்னால் நின்றபடியே தூங்கி, அண்டாவை நோக்கிச் சாய்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த சமையல்காரர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். மறுவாரமே அவர் மனைவி ராணி அவரை எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“இவரு சாம்பார்ல வெந்து போறதுக்கு ஆஸ்பத்திரில போறது மேல் மேடம். எத்த வேணும்னாலும் அறுத்துக்குங்க” என்றார் ராணி.

அறுத்தார்கள். பதினான்கு மாதத்தில் ஐம்பத்து மூன்று கிலோ குறைந்து எண்பத்தெட்டுக்கு வந்து நின்றார். குறட்டை போனது, சர்க்கரை மாத்திரை போனது. கம்பெனி வேனில் டிரைவர் பக்கத்து சீட் மட்டுமே பொருந்தியவர், கடைசி வரிசையில் மூன்று பேரோடு நெருக்கி உட்கார்ந்து போனார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். நாம் வெறுக்கும் நெரிசல் அவருக்கு அவ்வளவு பெரிய கொடுப்பினை.

ஊர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் குண்டாக இருந்தால் ஊர் கிண்டல் செய்யும். மெலிந்தால் ஊர் துக்கம் விசாரிக்கும். “இன்னா நோவுன்னு தெருவே கேக்குது மேடம். ஆபரேசன்னு சொன்னா நம்ப மாட்டேன்றாங்க. டிபியா, இல்ல அந்த வியாதியான்னு கிசுகிசுன்னு பேசிகினு கீறாங்க” என்று ராணி என்னிடம் அழுதார். ஓர் உறவுக்காரர் ஆறு டப்பா சத்துமாவு வாங்கிவந்து, குணசேகர் தலையில் கைவைத்து ஜெபமே செய்துவிட்டுப் போனாராம். குடும்பம் மாரியம்மன் கும்பிடுகிற குடும்பம். அந்த அளவுக்குக் கைவிட்டுவிட்டார்கள்.

எங்கள் மருத்துவமனையோ அதற்கு நேர்மாறு. ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு பேனர் வைத்தோம். இடப்பக்கம் பழைய குணசேகர், வலப்பக்கம் புதிய குணசேகர். நடுவில் ‘நூற்று நாற்பத்தொன்றிலிருந்து எண்பத்தெட்டு! அடுத்தது நீங்கள்தான்!’ பழைய படத்தில் அவரை முகத்தைச் சுளிக்கச் சொல்லி எடுத்திருந்தார்கள், குண்டாக இருப்பவர்கள் இருபத்து நான்கு மணி நேரமும் முகம் சுளித்துக்கொண்டே இருப்பதுபோல. ஷிஃப்ட் வேன்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். கேன்டீனில் அவருக்குப் பெயரே ‘பேனர் அண்ணன்’ ஆனது. பெரிய டாக்டர் அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார். “நம்ம எண்பத்தெட்டு வந்தாச்சா?” என்றுதான் கேட்பார்.

நானும் என் பங்குக்கு அவரைப் பயன்படுத்திக்கொண்டேன். புதிய நோயாளிகள் வரும் நாளில் அவரைக் கூப்பிட்டுப் பேச வைப்பேன். கூச்சத்தோடு நாலு வார்த்தை பேசுவார். நான் அவர் பக்கத்தில், அவரை நானே மண்ணில் பிசைந்து செய்து காயவைத்ததுபோல நிற்பேன்.

பதினைந்தாவது மாதத்தில் எடை தொண்ணூறு. அடுத்த மாதம் தொண்ணூற்றிரண்டரை. அதற்கடுத்த மாதம் தொண்ணூற்று நான்கு.

அப்போது எங்கள் எடை பார்க்கும் கருவி வராந்தாவில், வரிசையில் காத்திருக்கும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. எடையைச் சத்தமாகச் சொல்வது வழக்கம். ‘ஊக்கம் கொடுக்கும்’ என்று யோசனை சொன்ன புண்ணியவதி நான்தான். நோயாளிகளுக்கு உணவு நோட்டு ஒன்று கொடுத்திருந்தேன். காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு கட்டம். குணசேகரின் நோட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒரு இட்லி, ஒரு அவித்த முட்டை, அரை கப் பருப்பு, கொஞ்சம் காய். அழகான கையெழுத்து. இந்தச் சாப்பாட்டில் ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூட எடை ஏறாது.

பொய் எழுதுகிறார் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்ட எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். நோட்டைத் தூக்கிப் பிடித்துச் சொன்னேன்: “குணசேகர், இந்த நோட்டுல சாப்பிடறவர் வேற யாரோ. அடுத்த மாசம் அவரை அனுப்பிவைங்க. அவருக்கு எடை கண்டிப்பா குறைஞ்சிருக்கும்.”

வரிசை முழுக்கச் சிரிப்பு. குணசேகரும் சிரித்தார். நான் மேதாவிபோல அறைக்குத் திரும்பினேன்.

எங்கள் வார்டில் ஒரு மூத்த நர்ஸ் இருந்தார். பெயர் வேண்டாம், தன் பெயர் எங்கும் வருவதை விரும்பாதவர். எல்லோருக்கும் அவர் ‘பெரிய சிஸ்டர்’. பேச்சு குறைவு. அன்று எனக்குப் பின்னாலேயே அறைக்குள் வந்தார்.

“நல்லா ஜோக் அடிக்கிற.”

“சும்மா ஒரு தட்டு தட்டி வெச்சேன் சிஸ்டர்.”

“அந்த ஆள் சிரிச்சாரே, கண்ணைப் பார்த்தியா?”

“பொய் எழுதறாரு சிஸ்டர்!”

“எழுதட்டும். பொய் எழுதறவனாச்சும் மாசாமாசம் வந்து நிக்கிறான். அடுத்த மாசம் யாரெல்லாம் வரலைன்னு மட்டும் பாரு” என்றார், போய்விட்டார்.

அவருக்கு என்மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் குணசேகர் வரவில்லை. வரிசையில் சிரித்தவர்களிலும் பாதிப் பேரைக் காணோம். வேலை குறைந்தது என்று சந்தோஷமாக டீ குடிக்கப் போனேன்.

இந்த நேரத்தில்தான் பெரிய டாக்டருக்கு ஒரு விழா நடத்தும் ஆசை வந்தது. எடை குறைத்தவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது. வட்டாரத் தொழிற்சாலைகளின் அதிகாரிகளெல்லாம் விருந்தினர்கள். மேடை நடுவில் ஒரு எடைக்கருவி. எடை பெரிய திரையில் தெரியும். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம்போல, எடை தெரியும் நேரத்தில் மேளம்கூட ஏற்பாடு. நான் மிகைப்படுத்தவில்லை. மேளம் வந்தது.

“எண்பத்தெட்டு கட்டாயம் வரணும்மா. அவரை வெச்சுத்தான் விழாவே” என்றார் டாக்டர்.

தொண்ணூற்று நான்கு என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால், என் கையில் இருக்கும்போது எப்படி ஏறியது என்று கேட்பார். குணசேகரின் கேன்டீனுக்குப் போன் போட்டேன்.

“என்ன குணசேகர், ஆளையே காணோம்? விழாவுக்கு ஆறு வாரம் இருக்கு. மேடையில எடை பார்ப்பாங்க.”

பாத்திரச் சத்தத்துக்கு நடுவே கேட்டார்: “எண்பத்தெட்டு இருந்தாகணுமா மேடம்?”

“இருந்தா நல்லாருக்கும்” என்றேன்.

அவ்வளவுதான். என் இருபத்தாறு வருட வேலையில் நான் சொன்னதிலேயே மிக மோசமான மருத்துவ ஆலோசனை இந்த இரண்டு வார்த்தை. பட்டினி கிட என்று நான் சொல்லவில்லைதான். பிறகு பல நாள் அதையே எனக்குச் சமாதானமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

விழா நாள் மருத்துவமனை முன்னால் ஷாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. குணசேகர் ராணியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. காலை அகட்டி அகட்டி வைத்து, ஓடும் பஸ்ஸுக்குள் நடப்பவர்போல நடந்தார். நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். புது ஷூ கடிக்கிறதோ என்று நினைத்தேன்.

ராணி என்னைத் தனியே இழுத்தார். “மேடம், அஞ்சு வாரமா இந்த மனுசன் ஒண்ணும் துன்றதில்ல. மோர்த் தண்ணிதான். அதயும் வாந்தி எடுத்துடறாரு. சத்து மாத்திரயும் போடறதில்ல, போட்டா பசிக்குதாம். கேட்டா, மேடம்தான் எடை இருக்கணும்னு சொன்னாங்கன்றாரு. மெய்யாவா நீங்க சொன்னீங்க?”

கையில் மேடை ஏறுவோர் பட்டியல். மேளக்காரர்கள் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “விழா முடியட்டும் ராணி, அப்புறம் பேசிக்கலாம்” என்றேன்.

என்னை நிறுத்தியிருக்க வேண்டிய இடம் அதுதான். ஒரு மனைவி வந்து, கணவன் ஐந்து வாரமாகச் சாப்பிடவில்லை என்கிறாள். நான் அவளுக்கு நிகழ்ச்சி நிரல் சொல்கிறேன். இதற்கு எந்தக் கல்லூரியிலும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஏனென்றால் இது எந்தப் பாடத்திலும் வராது.

குணசேகரை மேடைக்கு அழைத்தார்கள். கருவியில் ஏறினார். மேளம் முழங்கியது. திரையில் எண்பத்தேழு புள்ளி ஆறு. கைதட்டல் அடங்கவே இல்லை. பெரிய டாக்டர் அவர் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார், தேர்தலில் ஜெயித்தவர் கையைத் தூக்குவதுபோல. கையை விட்டதும் குணசேகர் என் பக்கம் திரும்பினார்.

“இன்னா மேடம், ரெண்டு பேரா நிக்கறீங்க?”

பக்கத்தில் மைக் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது. என்னைக் குண்டு என்று கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. உண்மையில் அவர் கிண்டல் செய்யவில்லை. அவர் கண்கள் இரண்டும் ஒரு இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தன. அடுத்த அடி வைக்கப் பார்த்தார். கால் எங்கோ போனது. எடைக்கருவியின் மேலேயே விழுந்தார். மேளக்காரர் ஒருவர், ஏதோ உச்சக்கட்டம் என்று நினைத்து, இன்னும் ஒரு சுற்று வாசித்தார்.

அவசரப் பிரிவில் அன்று பணியில் இருந்தவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன டாக்டர். கட்டிலைச் சுற்றி பெரிய டாக்டர், நான், ராணி, பெரிய சிஸ்டர்.

“மயக்கம்தான். குளுக்கோஸ் ஏத்துங்க” என்றார் புது டாக்டர். நம் ஊரில் எந்த மயக்கத்துக்கும் முதலில் வருவது அதுதான். ஏற்றாவிட்டால் வைத்தியமே நடக்கவில்லை என்று உறவினர்கள் சண்டைக்கு வருவார்கள்.

சிஸ்டர் விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார். “எழுபத்து நாலு. அவ்வளவு கம்மி இல்லை டாக்டர்.” குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் எடுத்தார், ஆனால் மாட்டவில்லை. என்னைப் பார்த்தார். “எத்தனை நாளா சாப்பிடலை இவர்?”

நான் வாய் திறக்கும் முன் பெரிய டாக்டர் சொன்னார்: “விழாப் பதட்டத்துல காலைல சாப்பிடாம வந்திருப்பார். வேற ஒண்ணுமில்ல.” ஜன்னலுக்கு வெளியே விருந்தினர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்கு நிதானமாகச் சொல்ல வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்து வாந்தியும் எடுப்பவருக்கு உடம்பில் பி-ஒன் என்ற வைட்டமின் தீர்ந்துபோகும். இந்த அறுவை செய்துகொண்டவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தீரும். தீர்ந்தால் கண் ஆடும், பார்வை இரண்டாகும், கால் தள்ளாடும், நினைவு குழம்பும். அந்த நிலையில் பி-ஒன் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சம் மீதி இருப்பதையும் அது எரித்துவிடும். மூளையில் நிரந்தரச் சேதம் ஆகலாம். இது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கட்டிலில் கிடந்தவரிடம் எல்லா அடையாளமும் இருந்தது.

ஆனால் அதைச் சொல்ல, ஐந்து வாரம் என்று சொல்ல வேண்டும். ஐந்து வாரம் என்றால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால், நான்.

எவ்வளவு நேரம் யோசித்தேன்? பத்து விநாடி இருக்கலாம். அந்தப் பத்து விநாடியில் நான் நினைத்ததில் குணசேகர் இல்லவே இல்லை. அடுத்த மாதம் வரவேண்டிய என் பதவி உயர்வு இருந்தது. ராணி எதிரில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் இல்லாவிட்டால், நான் சொல்லியிருப்பேனா என்று இன்றும் சத்தியம் செய்ய மாட்டேன்.

“ஒரு வேளை இல்லை சார், அஞ்சு வாரம்” என்றேன். “வெறும் மோர்த் தண்ணி, வாந்தி வேற. வைட்டமின் மாத்திரையும் போடலை. எடை ஏறிடுச்சு. மேடையில எண்பத்தெட்டு தெரிஞ்சா நல்லாருக்கும்னு நான்தான் போன்ல சொன்னேன். இது வெறும் மயக்கம் இல்லை. முதல்ல பி-ஒன் ஊசி போடுங்க. குளுக்கோஸ் அப்புறம்.”

“வைத்தியம் பார்க்கிறது நீங்களா நானா?” என்றார் புது டாக்டர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வயதில் அந்தக் கேள்வியைக் கேட்காதவர் யார்?

பெரிய டாக்டர் அவரைத் தள்ளிவிட்டுக் குனிந்தார். குணசேகரின் கண்ணெதிரே விரலை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். அதுவரை விழா நாயகராக இருந்தவர், அந்த ஒரு கணத்தில் மறுபடி டாக்டர் ஆனார். “அவங்க சொல்றது சரி. பி-ஒன். இப்பவே.”

எங்கள் மருந்தகத்தின் வாசல் கண்ணாடியில் கலர் கலராக வைட்டமின் டப்பாக்கள் அடுக்கியிருக்கும். பி-ஒன் ஊசி மட்டும் இல்லை. “மேல குடிகாரங்களுக்குப் போடறது இருக்கு” என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் மாடி ஏறி ஓடினார். ஐம்பத்தைந்து வயதில் அவர் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். குடியால் உடம்பு கெட்டு வருபவர்களுக்கும் அதே ஊசிதான், மேல் வார்டில் இருந்தது. அதைக் கொண்டுவந்து அவரே ஏற்றினார்.

“குடிகாரங்களுக்குப் போடறதா?” என்று ராணி கேட்டார். “எங்க வூட்டுக்காரரு பீடி கூடத் தொட்டதில்ல மேடம்.” அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, குரலை உயர்த்தாமலே சொன்னார்: “வெய்ட்டு ஏறினா செத்துடுவாரோன்னுதான் உங்கள்ட்ட இட்டாந்தேன். வெய்ட்ட எறக்கியே சாவ வெக்கப் பாத்தீங்களே.”

 மறுநாள் கண் ஆட்டம் நின்றது. நாலாம் நாள் நான் ஒருத்தியாகவே தெரிந்தேன். பாதம் மட்டும் மரத்துப்போயிருந்தது. மூன்று மாதத்துக்குக் காலை அகட்டித்தான் நடந்தார். என் பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. பேனரில் வேறொரு முகம் வந்தது. புதியவருக்கு எழுபத்தொன்பது.

கேன்டீனில் இப்போது வேறு சிக்கல். நடையே தடுமாறும் ஆளைக் கொதிக்கும் அண்டாக்கள் பக்கத்தில் விட முடியாது, வேலையை விட்டே நிறுத்தலாமா என்று தொழிற்சாலை நிர்வாகம் யோசித்தது. மூன்று மாதம் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுங்கள் என்று மன்றாட நானே நேரில் போனேன். குற்ற உணர்ச்சி ஒரு நல்ல வாகனம். என்னை இரண்டு பஸ் மாற்றி ஏற்றி அங்கே இறக்கியது. கணக்கு அறையில் உட்கார வைக்க ஒத்துக்கொண்டார்கள். அதைக் கேன்டீன் ஆட்களிடம் சொல்ல உள்ளே நுழைந்தபோதுதான் குணசேகருக்குப் பதிலாக வேலை பார்த்த சமையல்காரரைக் கவனித்தேன். தென்காசிப் பக்கத்து ஆள், முன்பு சட்டையைப் பிடித்து இழுத்தவரும் அவர்தான்.

அவர் ஒவ்வொரு அண்டாவாகப் போய் உள்ளங்கையில் ஒரு கரண்டி ஊற்றி உறிஞ்சினார். சாம்பார், ரசம், கூட்டு, குருமா, பாயசம். ஒரு வேளைக்கு எட்டு அண்டா. அதோடு காய்கறி இறக்குபவர் வந்தால் ஒரு டீ, கேஸ் சிலிண்டர்காரர் வந்தால் ஒரு டீ, யூனியன்காரர் வந்தால் ஒரு டீ. எல்லாம் பாயசத்துக்குத் தம்பி முறை ஆகும் டீ.

“இதெல்லாம் குணசேகரும் செய்வாரா?” என்று கேட்டேன்.

“ருசி பாக்கதுதானே அவர் வேலையே. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பாப்பாவ” என்றார் சமையல்காரர்.

அங்கிருந்து நேராகக் குணசேகர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன், இதையெல்லாம் ஏன் நோட்டில் எழுதவில்லை என்று. அவர் உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தார்.

“சாப்பாடுதானே எழுதச் சொன்னீங்க மேடம். இது வேலையாச்சே? வேலைக்கு நோட்டுல கட்டம் ஏது?”

அவர் ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை. ஒரு இட்லி என்றால் ஒரு இட்லிதான். முட்டை அளவு இரைப்பை இட்லியைத் தடுக்கும். பாயசமும் டீயும் அதில் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். திரவமாகப் போவதை அந்த ஆபரேஷன் தடுக்காது என்று எல்லா நோயாளிகளுக்கும் பாடம் நடத்தியவள் நான். ஒருவரிடமாவது, ‘உங்க நாள் எப்படிப் போகும்?’ என்று கேட்டதில்லை. நாலு கட்டம் போட்டுக் கொடுத்தேன். அதில் அடங்காத வாழ்க்கையைப் பொய் என்றேன்.

இதைக் கண்டுபிடித்ததும் பெரிய திட்டம் ஒன்று தீட்டிக்கொண்டு போனேன். அதற்குத் தேவையே ஏற்படவில்லை. ருசி பார்ப்பதைச் சமையல்காரர் எடுத்துக்கொண்டார். “நீங்க உக்காருங்க அண்ணாச்சி, நாக்கு எனக்கும் இருக்குல்லா” என்றார். டீக்கு வழி கண்டவர் ராணி. சர்க்கரை போடாத டீயை வீட்டிலேயே போட்டு ஒரு பிளாஸ்கில் கொடுத்தனுப்பினார். யார் டீ நீட்டினாலும் குணசேகர், “பொண்டாட்டி குடுத்தது கீது” என்று பிளாஸ்கைக் காட்டிவிடுவார். நம் ஊரில் டீயை மறுத்தால் பகை. பொண்டாட்டியைக் காட்டி மறுத்தால் அனுதாபம். இரண்டு வருடப் பட்டயப் படிப்பில் எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

வேளாவேளைக்கு உட்கார்ந்து சாப்பிட்டு, மாத்திரையும் போட்டு, உடம்பு தேறித் தொண்ணூற்றேழில் நின்றது அவர் எடை. பெரிய டாக்டர் அவர் கோப்பில் ‘பகுதித் தோல்வி’ என்று எழுதினார். சாம்பாரில் விழாமல், சர்க்கரை மாத்திரை இல்லாமல், ராத்திரி முழுக்கத் தூங்கி, மனைவியோடு சண்டை போடத் தெம்பாக இருந்த ஒரு மனிதர் எங்கள் கணக்கில் பகுதித் தோல்வி. அதன் கீழேயே, ‘எடை நிலையாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார். அந்த அவசரப் பிரிவுக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் திருத்துவதில் கொஞ்சம் அடக்கம் காட்டினோம்.

எடைக்கருவியை வராந்தாவிலிருந்து எடுத்து ஒரு அறைக்குள் வைத்தேன். சத்தமாகச் சொல்வதை நிறுத்தினேன். பிறகு, சிஸ்டர் சொல்லியும் நான் செய்யாமல் விட்டதைச் செய்தேன். வராமல் போனவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகப் போன் செய்தேன். சிலர் எடுக்கவே இல்லை. படப்பையிலிருந்து ஒரு டீச்சரம்மா மட்டும் நேராகச் சொன்னார்: “எடை ஏறிடுச்சு மேடம். இறங்கினதும் வரேன்.”

காய்ச்சல் விட்டதும் வந்து ஊசி போட்டுக்கொள்கிறேன் என்பதுபோல. அவரை அப்படி நினைக்க வைத்தது எங்கள் வராந்தா.

போன் செய்ய ஆரம்பித்த இரண்டாவது வாரம் பெரிய சிஸ்டர் என் அறை வாசலில் வந்து நின்றார். நான் ஒரு நோயாளியோடு பேசிக்கொண்டிருந்தேன். முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, “போன் பில்லு ஏறும். நான் மேட்ரன்ட்ட சொல்லிக்கறேன்” என்று மட்டும் சொல்லிப் போனார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

நீங்கள் வேலையில் சேர்ந்ததும் உங்களுக்கும் ஒரு எண்பத்தெட்டு கிடைப்பார். சீக்கிரமாக எடை இறங்கி, நன்றாகச் சிரித்து, போட்டோவுக்கு நின்று, உங்களை மேதை என்று நீங்களே நம்பும்படி செய்வார். அந்த ஆளைப் பார்த்து உங்கள் திறமையை அளக்காதீர்கள். முதல் வருடம் இறங்குவது கத்தி செய்கிற வேலை. உங்கள் வேலை தொடங்குவது எடை ஏற ஆரம்பிக்கும் மாதத்தில்தான். ஏறும். வேலையும் கல்யாணமும் சாவும் வீட்டுச் சண்டையும் இருக்கிற எல்லோருக்கும் கொஞ்சம் ஏறும். அப்போது அந்த ஆள் உங்கள் வாசலுக்கு வருகிறாரா, இல்லை உங்கள் தெருவையே சுற்றிக்கொண்டு போகிறாரா என்பதுதான் உங்கள் மதிப்பெண்.

என் மதிப்பெண் எனக்குக் கிடைக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. எங்கள் வாசல்வரை தண்ணீர் நின்றது, வெளிநோயாளிகள் யாரும் இல்லை. நனைந்த சீருடையோடு குணசேகர் உள்ளே வந்தார். அவருக்கு அன்று தேதி கொடுக்கவில்லை. யாரும் போன் செய்யவும் இல்லை.

“என்ன குணசேகர், இந்த மழையில?”

“ஏறிட்டேன் மேடம்.” சட்டைப் பையில் இருந்த பேனா, சாவி எல்லாவற்றையும் எடுத்து என் மேஜைமேல் வைத்தார். “தங்கச்சி பொண்ணு கல்யாணம், ஒரு மாசமா வூட்ல ஒரே பந்திதான். பேண்ட்டு டைட்டாயிகினு வர்து. இன்னும் ஏறுறதுக்குள்ள வந்துடலாம்னு வந்தேன்.”

கருவியில் அவரே ஏறினார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் குனிந்து எண்ணைப் பார்த்து, எனக்கு வாசித்துச் சொன்னார்.

“நூத்தி ஒண்ணு, மேடம். எழுதிக்குங்க.”